தண்டவாளத்தை விட்டு விலகிய புகையிரதம்

1845ஆம் ஆண்டு யூன் மாதத்திலே ஒல்லாந்து தேசத்து உத்ரெக்ற் நகரருகே விசித்திரமான புகையிரதப் பயணமொன்று நடைபெற்றது. ஓடும் வண்டியிலே ஊதுகுழற் கலைஞர் சிலர் நின்று ஒரே சுரத்தை விடாது ஊதினர். பாதையோரத்திலே சுரஞானம் மிக்க வேறு சிலர் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டனர். வண்டி தம்மை நோக்கி வருகையிற் சுரம் சற்று உயர்ந்தும், தம்மைக் கடந்து செல்கையிற் சற்றுத் தாழ்ந்தும் ஒலிப்பதை அவர்கள் குறித்துக்கொண்டனர். இப்பரிசோதனையை நடத்தியவர் பைஸ் பலொட் என்னும் இளம் விஞ்ஞானி. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1842இல், பிராக் நகரத்து ஆசிரியரான கிறிஸ்ரியன் டொப்ளர் இரட்டை விண்மீன்களின் நிறத்தைப் பற்றிக் கூறிய கொள்கையைச் சோதிப்பதே அவர் நோக்கமாயிருந்தது. விண்மீன்களின் நிறம் பற்றி டொப்ளர் கூறியதை அவர் ஏற்கவில்லை. எனினும் ஒலியைப் பொறுத்தவரை டொப்ளர் கூறியது சரியெனக் காதுகள் சாட்சி கூறின.

விஞ்ஞான பாடத்திலே ஒரு பக்கத்தில் வந்து மறையும் இச்சம்பவத்தை ஈண்டு நினைவு கூர்வதற்குக் காரணம் உண்டு. மனிதன் இன்று ஆகாயத்துக்கும் அப்பால் நின்று, இருளையும் முகிலையும் ஊடுருவி, பூமியிலே எது நிற்கிறது, எது நடமாடுகிறது எனப் பிரித்தறியும் ஆற்றலைப் பெற்றுள்ளான். அவ்வாற்றலின் ஆணிவேர் அந்த ஊதுகுழற் சுரத்திலேதான் இருக்கிறது. நாம் தமிழ் படித்துப் பட்டம் பெற்றவர்கள். பௌதிகத்தை முறையாகக் கற்றவரல்லோம். ஆயினும் ஒரு விஞ்ஞானம் எவர் தேவைக்காக, எவர் பணத்தில், எவரை நோக்கி வளர்ந்தது என்று வினவுவதற்குப் பௌதிகப் பட்டம் வேண்டியதில்லை.

ராடரின் பிறப்புச் சாந்தமானது. 1904ஆம் ஆண்டு மே மாதத்திலே ஜேர்மனியின் கொலோன் நகரத்துப் பாலமொன்றில் கிறிஸ்ரியன் ஹூல்ஸ்மையர் என்பவர் ஒரு கருவியை நிறுவிக் காட்டினார். றைன் நதியிலே வரும் கப்பலில் மின்காந்த அலை பட்டுத் திரும்பியதும் ஒரு மணி ஒலித்தது. பனிமூட்டத்திற் கப்பல்கள் மோதி மனிதர் மாள்வதைத் தடுக்க வேண்டும் என்பதே அவர் கனவு. கப்பற் கம்பனிகளும் கடற்படையும் அதனை விரும்பி ஏற்கவில்லை. உயிர் காக்க வந்த கருவிக்கு முதல் போட ஆளில்லாது போயிற்று. முப்பதாண்டுகளின் பின்னர் அதே தத்துவம் மீண்டும் எழுந்தபோது நிலைமை வேறு. 1935 பெப்ரவரி 26இல் இங்கிலாந்தின் டவன்ரி என்னுமிடத்திலே வொட்ஸன்-வொற் குழுவினர் வானொலி அலைகளைக் கொண்டு ஒரு குண்டுவீச்சு விமானத்தைக் கண்டறிந்தனர். உடனே அரசாங்கப் பணம் வெள்ளமெனப் பாய்ந்தது. நம் நாட்டிலே 1956 முதல் வாழ்ந்து 2008இல் மறைந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அப்போர்க்காலத்தில் விமானங்களைத் தரையிறக்க உதவும் ராடர்ப் பிரிவிலே பணியாற்றியவரே.

போர் முடிந்தது, போட்டி முடியவில்லை. விமானத்தைக் கண்டறியும் ராடர் தரையைப் படம்பிடிக்கவும் வேண்டுமெனத் தளபதிகள் விரும்பினர். இங்குதான் ஓர் இடையூறு. கூர்மையான படம் வேண்டுமெனில் நீளமான அன்ரெனா வேண்டும். நூற்றுக்கணக்கான மீற்றர் நீளமுள்ள அன்ரெனாவை எந்த விமானந் தூக்கும்? 1951 யூன் மாதத்தில், அரிசோனா மாநிலத்திலே குட்இயர் விமானக் கம்பனியிற் பணியாற்றிய கார்ல் வைலி என்பவர் விடை கண்டார். விமானம் செல்கையிலே தனக்கு முன்னால் உள்ள நிலம் தன்னை நோக்கி வருவது போலவும், பின்னால் உள்ள நிலம் விலகிச் செல்வது போலவும் இருக்கும். ஆகவே நிலத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் திரும்பும் அலையின் மீடிறன் சிறிது சிறிது வேறுபடும். அவ்வேறுபாட்டைப் பகுத்தாற் புள்ளிகளைப் பிரிக்கலாம். விமானம் செல்லும் பாதை முழுவதும் கிடைத்த எதிரொலிகளைச் சேர்த்து நோக்கின், பாதை முழுவதுமே ஓர் அன்ரெனாவாக நீண்டு விடுகின்றது. ஊதுகுழலோன் நகராமல் நிற்க, கேட்பவன் வண்டியேறிச் சென்றால் எப்படியோ அப்படி.

இலினோய், மிச்சிகன் பல்கலைக்கழகங்களிலும் இவ்வழியில் ஆராய்ச்சி நடந்தது. மிச்சிகனின் கதையைச் சற்று விரித்துரைக்க வேண்டும். இதனை வாசிப்போரிற் பலர் ஆசிரியரும் மாணவருமாதலின்.

இரண்டாம் உலகப் போரிலே போர்ட் கம்பனி குண்டுவீச்சு விமானங்களைச் செய்து குவித்த இடம் வில்லோ றன். அங்கிருந்த விமானத்தளத்தை 1947இல் அமெரிக்க அரசாங்கம் 1 டொலர் விலைக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது. அங்கு எழுந்த ஆய்வுகூடங்களிலே, போர்க்களத்தை வேவு பார்க்கும் வழிவகைகளை ஆராயும் பெருந்திட்டமொன்றை அமெரிக்கத் தரைப்படை 1950களில் ஏற்படுத்தியது. படமெடுக்கும் ராடரின் எதிரொலிகளைப் படச்சுருளிற் பதித்து, கண்ணாடி வில்லைகளின் ஊடாக ஒளியைச் செலுத்திப் படமாக்கும் முறையை எமெற் லீத் முதலியோர் அங்கே உருவாக்கினர். அவ்வேலையின் கிளையாகவே, 1964இல் உலகம் வியந்து நோக்கிய முப்பரிமாண ஒளிப்படமாகிய ஹொலோகிராம் பிறந்தது. இராணுவத்துக்காகத் தீட்டிய கண்ணிலிருந்து கலைஞனுக்கும் ஒரு துளி கிடைத்தது.

இதே பல்கலைக்கழகத்திலேதான் 1965 மார்ச் 24ஆந் திகதி இரவு, வியற்னாம் யுத்தத்தை எதிர்த்த ஆசிரியர்கள் வகுப்பறைகளைத் திறந்து விட்டு விடியும்வரை விரிவுரையும் விவாதமும் நடத்தினர். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். பின்னர் அமெரிக்காவெங்கும் பரவிய இரவு விரிவுரை இயக்கம் அங்கே தொடங்கியது. ஆண்டுகள் செல்லச் செல்ல மாணவரின் வினா கூர்மையடைந்தது. யுத்தத்தை எதிர்த்துப் பேசும் பல்கலைக்கழகமே யுத்தத்துக்கான இரகசிய ஆராய்ச்சியையும் நடத்துவது எங்ஙனம்? 1970களின் தொடக்கத்திலே வில்லோ றன் ஆய்வுகூடங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிக்கப்பட்டு வேறொரு நிறுவனமாயின. ஆராய்ச்சி நின்றுவிடவில்லை என்பது உண்மை. மதிலுக்கு வெளியே சென்று தொடர்ந்தது. எனினும் மாணவர் ஒன்றும் சாதிக்கவில்லை எனக் கூறுவாருடன் நாம் உடன்படோம். ஒரு கல்விக்கூடம் தன் பெயரை எதற்குக் கொடுக்கலாம் என்ற வினாவை அவர்கள் வெளிச்சத்திற்குக் கொண்டு வந்தனர்.

இதற்கிடையிலே ராடர் விண்வெளிக்கும் ஏறிவிட்டது. 1964 டிசெம்பர் 21இல் அமெரிக்க உளவு நிறுவனம் குவில் என்னும் செய்மதியை ஏவி, விண்ணிலிருந்து முதன்முறையாக இத்தகைய ராடர்ப் படங்களை எடுத்தது. அமெரிக்க மண்ணையே அது படம்பிடித்தது. ஆயினும் அச்செய்தி அமெரிக்க மக்களுக்கு 2012ஆம் ஆண்டு வரை மறைத்து வைக்கப்பட்டது. உலகம் அறிந்த முதற் செய்மதி 1978 யூன் மாத இறுதியில் ஏவப்பட்ட சீசற். ஏறத்தாழ 800 கிலோமீற்றர் உயரத்திலிருந்து கடலை நோக்கிய அது, ஒக்டோபர் 10இல் மின்கோளாறு காரணமாகச் செயலிழந்தது. நூறு நாட்களுக்குச் சற்றுக் கூடிய வாழ்வே.

அக்குறுகிய வாழ்விலே சீசற் அனுப்பிய படங்களில் ஒரு வேடிக்கை இருந்தது. கடலிலே கப்பல் கீறிச் செல்லும் நீர்ச்சுவடு ஓரிடத்திலும், கப்பல் அதை விட்டுத் தள்ளி வேறோரிடத்திலும் தென்பட்டன. தரையைப் படம்பிடித்தாலும் இதுவே கதை: ஓடும் புகையிரதம் தண்டவாளத்தை விட்டு விலகி வயலிலோ வீடுகளின் மேலோ ஓடுவது போலத் தோன்றும். 1971ஆம் ஆண்டிலேயே ரேனி என்னும் ஆய்வாளர் இதன் கணிதத்தை எழுதி வைத்திருந்தார்.

காரணம் எளிது. இந்த ராடர் ஒரு புள்ளியின் இடத்தை அதன் மீடிறன் மாற்றத்தைக் கொண்டே அறிகின்றது. உலகம் அசையாது நிற்கிறது என்பது அதன் நம்பிக்கை. செய்மதியை நோக்கி ஒரு வண்டி வருமாயின் அதன் அலையின் மீடிறன் சிறிது உயரும். ராடரோ, 'இது எனக்கு முன்னால் உள்ள நிலம்' எனத் தவறாக எண்ணி, வண்டியைச் செய்மதி செல்லுந் திசையிலே முன்தள்ளி வரைந்து விடும். விலகிச் செல்லும் வண்டியைப் பின்தள்ளி வரையும். எவ்வளவு தள்ளும்? வண்டிக்கும் செய்மதிக்கும் இடையிலுள்ள தூரத்தைச் செய்மதியின் வேகத்தால் வகுத்து, வண்டி செய்மதியை நோக்கி வரும் வேகத்தாற் பெருக்க வேண்டும். தூரம் 800 கிலோமீற்றர், செய்மதியின் வேகம் செக்கனுக்கு 7.6 கிலோமீற்றர், வண்டியின் வேகம் செக்கனுக்கு 10 மீற்றர் எனின், விலகல் ஏறத்தாழ 1 கிலோமீற்றர்! மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் ஊர்ந்து வரும் வண்டி ஒரு கிராமத்தைத் தாண்டி அடுத்த கிராமத்திலே தோன்றும்.

ஆனால் பிழையே அளவுகோலாகவும் ஆகும். தண்டவாளம் எங்கேயென்று தெரிந்தால், புகையிரதம் எவ்வளவு விலகித் தோன்றுகிறது என்பதைக் கொண்டே அதன் வேகத்தைக் கணித்து விடலாம். பிழையிலிருந்து உண்மையைக் கறக்கும் இத்திறமையை நாம் வியக்காமலிருக்க முடியாது.

இராணுவத்தினருக்கு இது போதவில்லை. பாதையில்லாத பாலைவனத்திலே எது நிற்கிறது, எது நகர்கிறது என்று முதலிற் பிரித்தறிய வேண்டுமே. விண்ணிலிருந்து அதைச் செய்வது விமானத்திலிருந்து செய்வதை விடப் பன்மடங்கு கடினம். செய்மதியின் அசுர வேகம் காரணமாக, நிற்கும் நிலமே அதற்கு ஓடுவது போலத் தோன்றுகிறதல்லவா? 2007இல் ஜேர்மனி ஏவிய ரெறாசார்-எக்ஸ் என்னும் செய்மதியை எடுத்துக்கொள்வோம். அதன் அலைநீளம் 3.1 சதமமீற்றர், அன்ரெனாவின் நீளம் 4.8 மீற்றர். அதன் பார்வைக்குள் அகப்படும் நிலம் செக்கனுக்கு 49 மீற்றர் அகலமான வேகப் பரப்பிலே சிதறித் தெரியும். நெடுஞ்சாலையிற் செல்லும் வாகனங்களிற் பெரும்பாலானவை அச்சிதறலுக்குள் மூழ்கிப் போகும். மெதுவாகப் பறக்கும் விமானத்திலோ அச்சிதறல் செக்கனுக்கு 1 மீற்றருக்கும் குறைவு.

இதற்குக் கண்ட பரிகாரம் 1950களிலேயே விமான ராடருக்காகச் சிந்திக்கப்பட்டது. ஒன்றன்பின் ஒன்றாக இரு அன்ரெனாக்களை வைத்தல். முன்னது நின்று பார்த்த அதே இடத்துக்குப் பின்னது வந்து சேர்ந்ததும் மீண்டும் பார்க்கின்றது. இரு பார்வைகளையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால், அசையாத நிலமும் மலையும் மாளிகையும் மறைந்து போகும். இடைப்பட்ட கணத்திலே அசைந்தவை மட்டும் எஞ்சும். ரெறாசார்-எக்ஸ் தன் ஒரே அன்ரெனாவை இரண்டாகப் பங்கிட்டு இதைச் செய்தது. இரு பார்வைகளுக்கும் இடையிலுள்ள காலம் ஒரு செக்கனின் ஆறாயிரத்தில் ஒரு பங்கு அளவே. செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் வரும் மோட்டார் வண்டி அவ்விடைவெளியில் 3 மில்லிமீற்றர் மாத்திரமே நகரும். அந்த 3 மில்லிமீற்றர் 500 கிலோமீற்றருக்கு அப்பால் அலையின் அவத்தை மாற்றமாக அளக்கப்படுகின்றது. கோல்ட்ஸ்ரைன், ஸெப்கர் என்னும் இருவர் 1987இல் விமானத்திலிருந்து கடல் நீரோட்டத்தை அளப்பதற்குக் கையாண்ட உபாயமும் இதுவே. 2000 பெப்ரவரியில், உலகின் மலைகளின் உயரத்தை அளப்பதற்கென 60 மீற்றர் நீளக் கோலொன்றை நீட்டிக்கொண்டு பறந்த எண்டெவர் விண்கலத்திலும், அன்ரெனாக்கள் செல்லுந் திசையில் 7 மீற்றர் விலகியிருந்தமையால் வாகனங்களின் ஓட்டத்தை அறியும் வாய்ப்பு எதிர்பாராது கிட்டியது.

இக்கண்ணுக்கும் குருட்டுப் பக்கங்கள் உண்டு. செய்மதியின் பாதைக்கு இணையாகச் செல்லும் வண்டி அதை நெருங்குவதுமில்லை, விலகுவதுமில்லை. ஆதலின் அது ஓடுவதை எளிதில் அறிய இயலாது. கால்நடையாகச் செல்வோரும் மாட்டுவண்டியும் நிலத்தின் இரைச்சலுக்குள் ஒடுங்கி விடுவர். இவற்றினும் பெரிய குருடு ஒன்றுண்டு. அது பௌதிகத்தைச் சார்ந்ததன்று.

1991ஆம் ஆண்டு வளைகுடா யுத்தத்திலே, இத்தொழில்நுட்பத்தை விமானத்திற் பொருத்திய இரு பரிசோதனை விமானங்களை அமெரிக்கா 49 தடவை பறக்க விட்டது. பெப்ரவரி 26ஆந் திகதி இரவு, குவைத்தை ஆக்கிரமித்துச் சூறையாடிய ஈராக்கியப் படைகள் பஸ்ரா நோக்கி 80ஆம் இலக்க நெடுஞ்சாலையிற் பின்வாங்கத் தொடங்கின. அவ்விமானங்களின் திரையிலே நகரும் புள்ளிகள் எறும்பு வரிசையாய்த் தெரிந்தன. குண்டுவீச்சு விமானங்கள் வரிசையின் முன்னையும் பின்னையும் அடைத்து நடுவைத் தாக்கின. விடிந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் எரிந்தும் கைவிடப்பட்டும் கிடந்தன. இராணுவ வண்டிகளுடன் பஸ்களும், லொறிகளும், பறித்தெடுக்கப்பட்ட சாதாரண மோட்டார் கார்களும் அவற்றிற் கிடந்தன. மாண்டவர் எத்தனை பேர் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்தில்லை. ஆக்கிரமிப்பாளருக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. நாம் சுட்டுவது வேறு. திரையிலே ஒளிரும் புள்ளி தன் வேகத்தையும் திசையையும் கூறும். தாங்கி எது, பஸ் எது என்பதைக் கூறாது. தாக்க வருவது எது, தப்பி ஓடுவது எது என்பதையும் கூறாது. அந்த விமானக் கருவியே பின்னர் பெரும் வெற்றியெனக் கொண்டாடப்பட்டது. அத்திரைப் படங்கள் விளம்பரமாகவும் காட்டப்பட்டன.

அவ்வெற்றியின் சூட்டிலே, இதனை விண்ணுக்குக் கொண்டு செல்லும் ஆசை எழுந்தது. ஒரு செய்மதி ஓரிடத்தைச் சில நிமிடங்களுக்குள் கடந்து போய்விடும். ஆகவே ஓடும் வண்டியை விடாது தொடர வேண்டுமாயின் செய்மதிகளின் கூட்டம் வேண்டும். 24 செய்மதிகளை எண்ணித் தொடங்கிய டிஸ்கவரர்-2 என்னும் அமெரிக்கத் திட்டம் 2000ஆம் ஆண்டிலே காங்கிரஸ் சபையால் நிறுத்தப்பட்டது. அதன் பின் வந்த திட்டமும் 2008இல் கைவிடப்பட்டது. செலவே பிரதான காரணம்.

சோவியத் யூனியனின் வழி வேறு. அதையும் மறைத்தல் நேர்மையாகாது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களைத் தேடுவதற்காக அது ராடர்ச் செய்மதிகளை ஏவியது. அவை படமெடுக்கும் வகையினவல்ல. பலமான எதிரொலி வேண்டித் தாழப் பறந்தவை. மின்சாரத்துக்காக அணு உலையைச் சுமந்தவை. 1978 சனவரி 24இல் அவற்றுள் ஒன்றாகிய கொஸ்மொஸ் 954 கனடாவின் வடபுலத்தில் உடைந்து விழுந்து, கதிரியக்கத் துகள்களைப் பனிநிலத்திற் சிதறடித்தது. அந்நிலம் ஆதிக்குடிகள் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த நிலம். இரு வல்லரசுகளின் போட்டியில் அவர்கள் எப்பக்கமும் சேர்ந்தவரல்லர். கனடா சுமார் 6 மில்லியன் கனேடிய டொலர் கோரியது. 1981இல் 3 மில்லியன் கிடைத்தது.

அதே கனடாவிலே மற்றொரு நிகழ்ச்சி. 2007 டிசெம்பரில் ஏவப்பட்ட றடார்சற்-2 செய்மதியில், நகரும் பொருள்களைக் கண்டறியும் பரிசோதனையொன்றைக் கனேடியப் பாதுகாப்பு ஆய்வாளர் நடத்தினர். செய்மதிக்குப் பொதுமக்களின் வரிப்பணம் பெருமளவிற் செலவாகியிருந்தது. உரிமையோ தனியார் கம்பனியிடம் இருந்தது. ஏவி ஒரு மாதத்துக்குள், கம்பனி தன் விண்வெளிப் பகுதியை அமெரிக்க ஆயுத உற்பத்திக் கம்பனியொன்றுக்கு 1.3 பில்லியன் டொலருக்கு விற்க முனைந்தது. எதிர்ப்பு எழுந்தது. கம்பனியின் பொறியியலாளருட் சிலரே பகிரங்கமாக எதிர்த்துப் பேசினர். 2008 மே மாதத்தில் அரசாங்கம் விற்பனையைத் தடுத்தது. 1985இல் இயற்றப்பட்ட முதலீட்டுச் சட்டத்தின் கீழ் இவ்வாறு ஒரு விற்பனை தடுக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

இன்று நிலைமை மேலும் மாறிவிட்டது. வளைகுடாவிற் பறந்த விமானங்களின் வாரிசுகள் 2023இல் ஓய்வு பெற்றன. அவற்றின் வேலையை விண்வெளியிலிருந்து செய்யும் திட்டத்தை அமெரிக்கா மீண்டும் கையில் எடுத்துள்ளது. பின்லாந்தின் தனியார் கம்பனியொன்று 2018 முதல் சிறிய ராடர்ச் செய்மதிகளை ஏவி வருகிறது. 2022 ஓகஸ்டிலே உக்ரேனின் அறநிதியமொன்று பொதுமக்களிடம் சேர்த்த பணத்தைக் கொண்டு அக்கம்பனியின் செய்மதியொன்றின் சேவையைத் தம் நாட்டு இராணுவத்துக்காக வாங்கியது. ஒரு காலத்தில் வல்லரசுகளின் இரகசியமாயிருந்த கண் இப்போது சந்தையிலே விலைக்கு வந்துள்ளது.

ஐரோப்பா 2014 முதல் ஏவிய சென்ரினெல்-1 செய்மதிகளின் படங்களோ எவரும் இலவசமாகப் பெறத்தக்கவை. அவற்றைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2024 சனவரியில் வெளியாயிற்று. உலகின் பெரும் மீன்பிடிக் கப்பல்களில் நான்கில் மூன்று பங்கு, தம் இருப்பிடத்தைப் பகிரங்கமாக அறிவிக்காமலே கடலிற் றொழில் புரிகின்றன என்பது அதனாற் புலனாயிற்று. ஏழை நாடுகளின் கடலை இரவிலே அரித்துச் செல்லும் கம்பனிக் கப்பல்களுக்கு முகில்மூட்டம் இனி மறைப்பாகாது. ஹூல்ஸ்மையர் பாலத்திலே நின்று கண்ட கனவு ஏறத்தாழ 120 ஆண்டுகளின் பின் வேறோர் உருவிலே கடலுக்குத் திரும்பியிருக்கின்றது. அவ்வாய்வு பிரதானமாக 15 மீற்றருக்கு மேற்பட்ட கப்பல்களையே கண்டது. நம் கரையோரத்துச் சிறு வள்ளங்கள் அந்த அளவுக்கு மிகவும் உட்பட்டவை.